கிராணியார் சுமந்த விறகு

என் வீட்டுக்காரர் விநாசித்தம்பி தன்னுடைய சொந்த நிலத்திலேயே களவாக விறகு வெட்டினவர். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வருவதில்லை.

மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஒரு கப்பல் கம்பெனியில் இருபத்தாறு வருடம் கிராணியாகக் கணக்கெழுதினார். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, கழுத்துவரை பொத்தான். பசாரில் மீன் வாங்கினால்கூட அதைத் தூக்கிவர ஓர் ஆள் வேண்டும். யாழ்ப்பாணத்து உத்தியோகக்காரர் கையில் பேனாவும் குடையும் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களுக்குள் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை அவரைவிடக் கடுமையாகக் காத்தவள் நான். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போட்டதும் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஓய்வுகாலத்துக்கென்று மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவில் வாங்கிப் போட்டிருந்த சாதிக்காய்த் தோட்டத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. தோட்டம் இரண்டு ஏக்கர். கவனிக்க ஆளில்லாமல் பாதி மரம் பட்டுப்போய் நின்றது. மரவள்ளிக்கிழங்கு நட்டோம். அதை அவிக்க விறகு வேண்டும், கூலிக்கு ஆள் வைக்க வழியில்லை.

வேலி ஓரக் குடிசையில் ரோட்டு வேலை செய்யும் சின்னையாவும் அவர் மனைவி நல்லம்மாளும் இருந்தார்கள். கீழே விழுந்த சுள்ளியை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாமா என்று சின்னையா கேட்டதற்கு இவர் சரியென்றார். "ஒங்களுக்கும் வெட்டித் தரேங்கய்யா, கூலியெல்லாம் வேணாம் லா" என்று அவர் சொன்னபோது நான்தான் உள்ளேயிருந்து குரல் கொடுத்து வேண்டாமென்றேன். கூலி கொடுக்கக் கையாலாகாத நிலைக்குக் கிராணி வீடு வந்துவிட்டது என்று ஊர் பேசுமே!

ஆகவே இவரே கோடரியை எடுத்தார். 1943ஆம் வருடக் கடைசி. மலையிலிருந்து குளிர்ந்த மழை இறங்கிக்கொண்டிருந்தது. மழைக்குள் ஒருவரும் வெளியே வர மாட்டார்கள் என்று நாங்கள் நினைத்தோம். உலகத்தில் மழை கொட்டும்போது பார்த்து விறகு வெட்டப் போன மனிதர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். ஈரக் கட்டைகளை அடுப்படியில் அடுக்கிவைப்பேன். பாதி காய்வதற்குள் எரிப்பேன். வீடெல்லாம் புகை. கண்ணைக் கசக்கிக்கொண்டே இருவரும் கிழங்கு தின்போம். பேனா பிடித்த கையில் கொப்புளம் உடைந்து சதை தெரியும். அவர் உள்ளே வந்ததும், "இஞ்சாருங்கோ, ஆரும் கண்டவையே?" என்றுதான் முதலில் கேட்பேன். கை நோகுதா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கோடரிச் சத்தத்தை மழை முழுக்க மூடவில்லை. ஒருநாள் பங்கீட்டு அரிசி வரிசையில் பக்கத்து வீட்டு நூர்ஜான் கேட்டார். "அக்கா, ஒங்க சாதிக்கா கெபுன்ல யாரு மரம் வெட்டுறது? சத்தம் கேக்குதே."

வரிசையே திரும்பிப் பார்த்தது. டவுனில் எங்களுக்குப் பழக்கமான இரண்டு வீட்டுப் பெண்களும் அதில் நின்றார்கள். என் முகம் சூடேறிவிட்டது.

"ஆரோ களவெடுக்கினம்" என்றேன்.

"யாரு, அக்கா?"

வாயால் நான் பெயர் சொல்லவில்லை. சின்னையாவின் குடிசை இருந்த பக்கமாகத் தாடையை ஒருமுறை அசைத்தேன். நூர்ஜான் தலையாட்டினார்.

அவருடைய கணவர் அப்துல் காதரை ஜப்பான்காரர்கள் அந்த வட்டாரத்து ஊர்க்காவலுக்குத் தலைவராக்கியிருந்தார்கள். காதில் விழுந்த களவை மேலே சொல்லாமல் விட்டால் அவர் தலை போகும். மூன்றாம் நாள் காலை சின்னையாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். குடிசைக்குள் சாதிக்காய் மரச் சுள்ளி கிடந்தது. அவர்களுக்கு அது போதும்.

நல்லம்மாள் எங்கள் வாசலுக்குத் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். சந்தை முச்சந்தியில், காவல் கொட்டகைக்கு முன்னால், தலைக்கு மேல் ஒரு கட்டையைத் தூக்கிப் பிடித்தபடி அவரை நிற்க வைத்திருக்கிறார்களாம். சாயங்கால லாரியில் சயாமுக்கு ஏற்றப் போகிறார்களாம். சயாமுக்கு ரயில் பாதை போடப் போன ஆட்களில் திரும்பி வந்தவர் ஒருவரையும் அதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

"ஐயா, நீங்கதானே சுள்ளி எடுத்துக்கச் சொன்னீங்க! ஒரு வார்த்தை வந்து சொல்லுங்கய்யா!"

"நீ முன்னாலை போ. நான் வாறன்" என்று அவளை அனுப்பிவிட்டு இவர் என் பக்கம் திரும்பினார். "களவெண்டு ஆர் சொன்னது?"

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதிலேயே இவருக்கு விளங்கிவிட்டது.

பெட்டியைத் திறந்து வெள்ளைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். "சுள்ளி எடுக்க நீங்கள்தான் விட்டதெண்டு ஒரு கடிதம் எழுதிக் குடுத்து விடுங்கோவன்" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு ஊர் வாய்தான் பெரிதாக இருந்தது. சீ!

"அவங்கள் தேடுறது மரம் வெட்டின ஆளை, யோகம்மா."

அடுப்படிக்குப் போய் அடுக்கியிருந்த கட்டைகளைக் கயிற்றால் கட்டினார். "ஒரு கை குடு" என்றார். கொடுத்தேன். கோட்டும் பொத்தானுமாக, தலையில் விறகுக் கட்டோடு, பட்டப்பகலில் ரோட்டில் இறங்கினார். மழை விட்டு நல்ல வெயில். எனக்குப் படியைத் தாண்டக் கால் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இடுக்கால் பார்த்தேன்.

மீதி நூர்ஜான் சொல்லித் தெரிந்ததுதான். சந்தை நடுவே நடந்துபோய் ஜப்பான் காவல்காரன் முன்னால் தலைச்சுமையை இறக்கி, குனிந்து வணங்கி, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாராம். "மரம் என்னுடையது. வெட்டினதும் நான். வெட்கப்பட்டுக்கொண்டு களவென்று பொய் சொன்னதும் நான்" என்று மலாயில் சொன்னாராம். காவல்காரன் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்ததில் மூக்குக்கண்ணாடி தெறித்துப் போனது. சின்னையாவை விட்டுவிட்டு, அவர் கையிலிருந்த கட்டையை வாங்கி இவரிடம் கொடுத்தார்கள். பொழுது சாயும்வரை அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீங்கின முகத்தோடு வீட்டுக்கு வந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதன்பிறகு அவர் உயிரோடிருந்த பதினெட்டு வருடமும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருமுறை வாய்விட்டுத் திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன்.

மறுநாள் காலை பின்கதவு தட்டும் சத்தம் கேட்டது. சின்னையா. நன்றாகக் காய்ந்து பிளந்த விறகு ஒரு கட்டு படியில் இருந்தது. கட்டை பிடித்து நின்ற கைகளைக் கூப்பி, "என்னால ஐயா அடி வாங்கிட்டாரும்மா. நீங்கதான் என்னை மன்னிக்கணும்" என்றார்.

நான் கிராணி பெண்சாதியாகப் படியின் மேலே நின்றுகொண்டு, "பரவாயில்லை" என்றேன்.