சளி பிடித்த தாய்மாமன்

இங்கே இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில், சளி பிடித்தவனைப் பார்க்க யாரும் போவதில்லை. வந்த புதிதில், கூட வேலை செய்யும் ஆலன் காய்ச்சலில் படுத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, மிளகு ரசத்தைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கதவை ஒரு சாண் திறந்தான். "வாசலில் வைத்துவிட்டுப் போய்விடு, உனக்கும் ஒட்டிக்கொள்ளும்" என்று மூடிவிட்டான். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நம் திருவண்ணாமலையில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் தெருவே வந்து கட்டிலைச் சுற்றி நிற்கும். வராதவர்களைத்தான் வருடக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்போம். இங்கத்திய டாக்டரும் ஆலன் ஜாதிதான். ஃப்ளூ என்று போனால் ஊசி கிடையாது, கலர் மிக்சர் கிடையாது. இது வைரஸ், ஆன்டிபயாடிக்குக்குக் கேட்காது, ஓய்வெடு, நிறையத் தண்ணீர் குடி, மூச்சுத் திணறினால் உடனே வா, கைக்குழந்தைகள் பக்கம் மட்டும் போகாதே என்று அனுப்பிவிடுவார். இதைக் கேட்கவா பஸ் பிடித்து வந்தேன் என்று எரிச்சலாக வரும். எரிந்துகொண்டே பழகியும் விட்டேன்.

எவ்வளவு பழகிவிட்டேன் என்பது போன தை மாதம் ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது. தங்கை செல்வியின் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்; அதற்காகவே லீவு போட்டிருந்தேன். குழந்தை குறைமாதத்தில் பிறந்தவன். மழைக்காலத்தில் சளி முற்றி, இளைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவன். எனக்கோ விமானத்திலேயே தொண்டை கரகரத்தது. செங்கம் ரோட்டு வீட்டில் வந்து இறங்கும்போது காய்ச்சல், உடம்புவலி, அடுக்குத் தும்மல். யாரையும் நெருங்க விடாமல் பின்கட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அம்மா நொச்சி இலை போட்ட வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தாள். "ஆவி புடிடா, நாளைக்கே சரியாயிடும். மாமன் இல்லாம காதுகுத்தா?" மூக்கு திறந்தது, காய்ச்சல் போகவில்லை. விசேஷத்துக்கு முந்தின நாள் செல்வியின் மாமியார் வந்து வாசற்படியில் நின்றார்.

"இன்னா தம்பி, சளிக்குப் போயி ரூம்ல பூந்துக்கினு? சீமைக்குப் போனதும் எங்க புள்ள தீட்டாயிட்டானா?"

"இல்லீங்க அத்தை, என்னோடது அவனுக்கு ஒட்டிக்கும். அம்மை போட்டா கொழந்தைங்கள கிட்ட விடமாட்டோமில்ல, அது மாதிரிதாங்க."

சொல்லியிருக்கக் கூடாது. சுபகாரியத்துக்குப் பந்தல் போட்ட வீட்டில் அந்தப் பேரை எடுப்பார்களா? "தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அவர் விடுவிடுவென்று போய்விட்டார். "வாயக் கழுவுடா" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மடியில் வைத்தால் குழந்தைக்கு ஆபத்து. வைக்காவிட்டால் செல்வி அந்த வீட்டில் ஆயுசுக்கும் பேச்சு கேட்க வேண்டும். மூக்கை இறுகக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடலாமே என்று கதவுவரை போவேன், இருமல் வரும், திரும்பிவிடுவேன். யார் மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது.

சாயங்காலம் செல்வி ஜன்னலுக்கு வெளியே, தள்ளியே நின்றாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில அவன் மூச்சுக்கு நெஞ்சு உள்ள உள்ள போச்சுண்ணா. நான் பாத்தேன், அவங்க பாக்கல. நீ வராத. பேச்ச நான் கேட்டுக்கறேன்." போகத் திரும்பியவள் மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். "நீ எடுத்தாந்த பட்டு வேட்டிய மட்டும் குடு."

சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, பெட்டியில் பிரிக்காமல் இருந்த வேட்டியை ஜன்னல் வழியே நீட்டினேன்.

மறுநாள் காலை அந்த வேட்டியை மடியில் விரித்துக்கொண்டு என் பெரியப்பா மகன் உட்கார்ந்ததாக அம்மா பிறகு சொன்னாள். எனக்கு மேளம்தான் கேட்டது. அப்புறம் குழந்தையின் அலறல். என்னை அறியாமல் எழுந்து போய்க் கதவைத் திறந்திருந்தேன். ஒரு சாண்தான், ஆலன் திறந்த அளவு. மூடிவிட்டு வந்து, கிழக்கே பார்த்துச் சம்மணம் போட்டு, கையிரண்டையும் மடியருகே ஏந்தி வைத்துக்கொண்டேன். அழுகை அடங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.