குளோரின் அண்ணன் எழுதிய பதினேழு

நீச்சல் குளத்தில் இருபத்திரண்டு வருடமாகக் குளோரின் பொடி கலக்குகிறவர் அவர். குளிக்க வருகிறவர்கள் 'குளோரின் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் தலைகால் புரியாத பெருமை. மேற்பார்வையாளர் வேலைக்கு எழுத்துத் தேர்வு என்றதும், "எனக்கே குளோரின் பாடமா?" என்று புத்தகத்தைத் தொடாமலே போனார்.

குளோரின் அணுவில் இணைதிறன் எலக்ட்ரான்கள் எத்தனை என்று கேட்டிருந்தார்கள். பதினேழு என்று எழுதிவிட்டு வந்து, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பதினேழு மொத்தக் கணக்குங்க. உள்ள ரெண்டு, அடுத்த கூட்டுல எட்டு, வெளிக்கூட்டுல மிச்சம் ஏழு. இணைதிறன் எலக்ட்ரான்னா அந்த ஏழுதான். எட்டாக ஒண்ணு குறையுது. அதான் கிடைச்ச இடத்துல பிடுங்கப் பாக்குது."

"அப்ப புரோமின், அயோடின்? அதையும் கேட்டிருந்தாங்களே" என்றார் அவர்.

"அதுவும் குளோரின் மாதிரி ஹாலஜன் வகைதான். ஹாலஜன் எல்லாத்துக்கும் வெளியில ஏழுதான். எல்லாம் ஒரே குடும்பம்."

அவர் தன் நீலச் சட்டையைக் குனிந்து பார்த்தார். திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது.

"அப்ப இதையும் அதுதான் பிடுங்கித் தின்னுச்சா? நான் சோப்பையில்ல திட்டிட்டிருந்தேன்!"

"சோப்பையா? துவைச்ச என்னைத் திட்டினீங்க."

தேர்வில் தோற்றார். யாரும் கேட்கும் முன்பே, "இத்தனை வருஷம் கூடவே இருந்தும் அதோட வெளிக்கூட்டைக்கூட எட்டிப் பாக்காத மண்டூகம் நான்" என்று அவரே சொல்லிச் சிரித்தார். மறு வருடம் மனைவியிடமே உட்கார்ந்து படித்துத் தேறினார்.