கூண்டுக்குள் புகுந்த விரதம்

சிவகாமசுந்தரிக்குத் தன் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவே பயம். ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அவளைப் பெற்ற மறுநாளே தாய் இறந்துபோனதை, வளர்த்த சிற்றன்னை சொல்லிச் சொல்லி, பிள்ளைப்பேறு என்றாலே சாவு என்று அவள் நெஞ்சில் படிந்துவிட்டிருந்தது. கருவுற்றது தெரிந்த அன்றே மாரியம்மன் முன் நின்று, பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும்வரை மீன், முட்டை, இறைச்சி எதையும் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டாள்.

கணவன் தம்பிராஜா பேருந்து நடத்துநர். விடியுமுன் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவான். மலாய் நாட்டில், காஜா பேராங் என்ற இடத்தில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் மனைவி தனியே அஞ்சி அஞ்சி உட்கார்ந்திருப்பதைக் காணப் பொறுக்காமல், ஒரு சோடிச் சில்லைக் குருவிகளை மூங்கில் கூண்டோடு வாங்கி வந்தான்.

"இதுகளப் பாத்துக்கிட்டு இரு, சுந்தரி. கண்டதையும் நெனைக்காத," என்றான்.

அவளும் தன் பயத்தையெல்லாம் குருவிகள்மேல் இறக்கிவைத்துப் பேணினாள். தினையை ஊதி உமி நீக்கிப் போட்டாள். எறும்பு ஏறாதபடி கூண்டின் கொக்கியில் மண்ணெண்ணெய் நனைத்த துணியைச் சுற்றினாள். கடைக்காரன் கூண்டில் வெண்மையான கணவாய் மீன் ஓடு ஒன்றைச் செருகிக் கொடுத்திருந்தான். குருவிகள் அதை ஆவலோடு கொத்தின. விரத வீட்டில் கடற்கவிச்சியா என்று பதறிப்போனவள், அதைக் குறட்டால் பிடித்தெடுத்துக் குப்பையில் எறிந்துவிட்டுத் தலைமுழுகினாள்.

நாடு விடுதலை பெறவிருந்த ஆகஸ்டு மாதம் அது. தெருவெங்கும் மெர்டேகா என்ற விடுதலைப் பேச்சாக இருந்தது. அவள் காதில் எதுவும் ஏறவில்லை. பெட்டைக் குருவி தேங்காய் நாரால் கூடு பின்னியிருந்தது. இன்றைக்கு முட்டை இடும், நாளைக்கு இடும் என்று அவள் காத்திருந்தாள்.

ஒரு நாள் காலையில் கூண்டின் மூடுதுணியை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். பெட்டை, கூண்டின் அடித்தட்டில் இறகுகளைச் சிலிர்த்துப் பஞ்சு உருண்டைபோல் கிடந்தது. மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கியது. வயிறு புடைத்திருந்தது. கூட்டில் முட்டை ஏதும் இல்லை.

இது பிழைக்காவிட்டால் நானும் பிழைக்கமாட்டேன். யாரோ காதருகே சொன்னதுபோல் அந்த எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"மீனா! மீனா! ஓடி வாயேன்!"

வேலிக்கு அப்பால் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த மீனாச்சி வந்தாள். தலைமுறைகளாக மலாய் பேசும் கம்போங் செட்டிக் குடும்பத்துப் பெண், சுந்தரியின் வயதுதான். அவளுக்குத் தமிழ் ஒன்றிரண்டு சொற்களே வரும் என்பதால் இருவரும் மலாய் மொழியிலேயே பேசிக்கொள்வார்கள்.

"அலாமா! முட்டை சிக்கிக்கிச்சு," என்றாள் மீனாச்சி. "என் கோழிக்கும் இப்படித்தான் ஆச்சு. வெந்நீர் கொண்டா. கொஞ்சம் எண்ணெயும் எடு."

"அந்தக் கோழி பொழச்சுதா?"

மீனாச்சி காதில் விழாததுபோல் கூண்டைத் திறந்தாள்.

ஆவி பறக்கும் கிண்ணத்துக்குச் சற்று மேலே, துணி விரித்த உள்ளங்கையில் சுந்தரி குருவியை ஏந்தினாள். மீனாச்சி விரல்நுனியால் ஒரு சொட்டு எண்ணெயைத் தடவினாள். குருவியின் இதயம் சுந்தரியின் தோலில் அடித்தது. அந்தத் துடிப்பு நின்றுவிடுமோ என்று அவள் தன் மூச்சையே அடக்கிக்கொண்டாள்.

"கைய ஆட்டாத லா. கப்பல்ல ஏத்திட்டாங்கன்னு குருவி நெனைக்கப் போகுது," என்ற மீனாச்சி, கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆமா, கணவாய் ஓடு எங்க?"

"எடுத்துட்டேன். நான் விரதமில்ல?"

"விரதம் உனக்கு. குருவி எந்தக் கோயில்ல நேந்துக்கிச்சு? அந்த ஓட்டைக் கொத்தித் தின்னாத்தானே முட்டைக்குச் சுண்ணாம்பு சேரும்!"

சுந்தரி தான் பிழைப்பதற்காகப் பிடித்த நோன்பு, ஒரு வாயில்லாத உயிரைச் சாவின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

ஆவி அடங்கியதும் மறுபடியும் வெந்நீர் வைத்தார்கள். குருவி கண்களை மூடியது. "போயிடுச்சா?" என்றாள் சுந்தரி. திடீரென்று அதன் உடல் முறுகியது. உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஒன்று வழுக்கி விழுந்தது. முட்டைதான், ஆனால் ஓடில்லை. நனைந்த தோல்போன்ற மெல்லிய பை, அவள் விரல் பட்டதும் கிழிந்து வழிந்தது.

வெகுநேரம் கழித்துக் குருவி தலையை நிமிர்த்தியது. மீனாச்சி ஊட்டிய தண்ணீரைக் குடித்தது.

"பொழச்சுக்கும்," என்றாள் மீனாச்சி. "நீ ஏன் இப்படி வெளுத்துப்போயிருக்க?"

சுந்தரி விரலில் ஒட்டியிருந்த தோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தன் விரதம் பிள்ளையின் எலும்பையும் இப்படி ஆக்கிவிடுமோ என்று, தன் வயிற்றின்மேல் முதன்முறையாகக் கையை வைத்தாள்.

"உன் வீட்டுல இன்னிக்கு என்ன கறி?"

"மீன்தான். ஏன்?"

"எனக்குக் கொஞ்சம் கொடு."

மீனாச்சி வீட்டுக்குப் போய், சோற்றின்மேல் மீன் குழம்பை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

சுந்தரி கோயில் இருந்த திசையை நோக்கிக் கும்பிட்டாள். "கோபமிருந்தால் என்மேல் மட்டும் காட்டு, தாயே," என்று முணுமுணுத்தாள். முதல் கவளத்தைக் கண்ணீரோடு விழுங்கினாள். பயம் போகவில்லை, முன்பு பிள்ளைப்பேற்றுப் பயம் ஒன்றாக இருந்தது, இப்போது அம்மனின் கோபமும் சேர்ந்து இரண்டாகிவிட்டது. அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.