வாள் மதிலும் கஞ்சி போட்ட ஐந்து சட்டைகளும்

ஒரு பாட்டு வீடியோவில் வரும் மதிலைப் பார்க்க நாலு மணி நேரம் ரயிலில் போனேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் இன்னும் சிரிக்கிறார். சிரிக்கட்டும். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பொங்கல் லீவில் கொச்சி மட்டாஞ்சேரிக்குப் போய்வந்த கதை இது. அந்த மதில் எங்கே இருக்கிறது, எங்கே தங்கலாம், எவ்வளவு ஆகும் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். எல்லாம் சொல்கிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் காமர்ஸ் நடத்துகிறேன். கல்லூரி விழாவில் எங்கள் பையன்கள் ஐந்து பேர் அட்டை அரிவாளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாட்டுக்கு ஆடினார்கள். வீடியோவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: மட்டாஞ்சேரியில் வளர்ந்த தமிழ்ப் பையன்கள் ஐந்து பேர். அழுக்குச் சட்டை, வாயில் புகை, கையில் அரிவாள். நடுவில் பாடகர் மட்டும் பளிச்சென்று நின்று, தெருவில் பிறந்தவனின் வலியைப் பாடுவார். கடைசிப் பத்து நொடியில் ஐந்து பேரும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு நம்மைப் பார்ப்பார்கள். "எங்களை யாரென்று நினைத்தீர்கள்?" என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான் வீடியோ.

விழா முடிந்ததும் ஸ்டாஃப் ரூமில் ஒரே அமர்க்களம். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ரவுடித்தனம்தான் பிடிக்குது" என்றார் ஒரு மூத்த பேராசிரியர். நான் விடவில்லை. "சார், கடைசி வரைக்கும் பாத்தீங்களா? பசங்களைப் பத்தி நீங்க நினைக்கிறது தப்புன்னுதான் அந்தப் பாட்டே சொல்லுது" என்று மல்லுக்கு நின்றேன். பையன்களுக்கு ஏக குஷி. "எங்களுக்காகச் சண்டை போட்டீங்க மேடம், அந்த மதில் முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க" என்று ஏற்றிவிட்டார்கள். நானும் ஏறிவிட்டேன்.

கோவையில் காலை ரயில். செகண்ட் சிட்டிங் நூற்றுச் சொச்சம். பதினொரு மணிக்குள் எறணாகுளம் போய்விடலாம். ஸ்டேஷனிலிருந்து படகுத்துறைக்கு ஆட்டோ அறுபது ரூபாய். ஃபோர்ட் கொச்சி வரை அரசுப் படகில் போங்கள், டீக் காசுதான் ஆகும், வெலிங்டன் தீவின் கிரேன்களையும் கிடங்குகளையும் பார்த்துக்கொண்டே போகலாம். அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு ஆட்டோ எழுபது. நூற்றைம்பது கேட்பார்கள், மீட்டரைக் காட்டுங்கள்.

"பாட்டுல வர்ற மதில் தெரியுமா சேட்டா?" என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"வாள் மதில் அல்லே? அது தெரியாதவங்க ஆரு இருக்கா இங்க. முன்ன அது இஞ்சிக் கோடவுணோட பின்பக்கம். இப்ப தினமும் ஆளு." கொஞ்ச தூரம் போனதும் அவராகவே சொன்னார். "இங்கத்தெ பசங்க நிஜமாவே வெட்டு குத்து பார்ட்டிதானான்னு கேப்பாங்க. நான் ஆமான்னுடுவேன். அதைக் கேக்கத்தானே இவ்ளோ தூரம் வர்றாங்க."

மதில் என்றால் மதில்தான். பாசி பிடித்த செங்கல், உதிர்ந்த சுண்ணாம்பு, காற்றில் சுக்கு வாசனை. எதிரே சாயாக் கடையில் பிளாஸ்டிக் அரிவாள் வாடகைக்குக் கிடைக்கிறது, இருபது ரூபாய். நான் போனபோது சென்னையிலிருந்து வந்த ஒரு இளம் ஜோடி அதை வாங்கி முறைத்து முறைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு முறைக்க வரவில்லை, சிரித்துச் சிரித்து மறுபடி எடுத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் ஒரு படம் எடுத்துக் கொடுத்தார்கள், அரிவாள் இல்லாமல்.

தங்கியது மதிலிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு ஹோம்ஸ்டே. நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு, காலைச் சாப்பாட்டோடு. அந்த வீட்டின் சொந்தக்காரரைப் பாபு சேட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கமான மனுஷர், மீன் குழம்பும் கப்பைக் கிழங்கும் அப்படியொரு ருசி. அந்தச் சென்னை ஜோடியும் அங்கேதான் தங்கியிருந்தது. முற்றத்துச் சுவரில் வீடியோவிலிருந்து ஒரு படத்தைப் பெரிதாகக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். ஐந்து பேரில் முன்னால் நிற்கும் பையனின் முகம்தான் படம் முழுக்க, தோளில் அரிவாள்.

சாயங்காலம் மணி அடித்தது. பாபு சேட்டன் கேட்டைத் திறக்காமல் கம்பிக்கு மேலே ஒரு துணி மூட்டையைத் தூக்கிக் கொடுத்து, அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு மூட்டையை வாங்கினார். வெளியே நின்றவனைப் பார்த்தேன், திரும்பிச் சுவரைப் பார்த்தேன். அதே முகம். ஆனால் இவன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு நின்றான்.

"இவர்தானே அது? ஏன் வெளியவே நிக்கறார்?"

"ரதீஷ். பாவம் பையன், எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்" என்றார் பாபு சேட்டன். "பக்ஷே கெஸ்ட் பேடிக்கும், பயந்துடுவாங்க. முகம் எல்லாருக்கும் தெரியும் அல்லே? அரிவாளோட பாத்தவங்க, ரூமுக்குள்ள பெட்ஷீட் எடுக்க வந்தா என்ன நினைப்பாங்க?"

படமாக உள்ளே மாட்டலாம், ஆளாக வரக்கூடாது. அவர் முன்னாலேயே கேட்டைத் திறந்துகொண்டு போய் அந்தப் பையனைப் பிடித்தேன். தமிழ்க்காரி என்றதும் முகம் மலர்ந்தது. "நாளைக்குக் காலைல துறைக்கு வாங்கக்கா. அங்கதான் எல்லாரும் இருப்போம்" என்றான்.

சலவைத் துறை ஃபோர்ட் கொச்சிப் பக்கம். எட்டு மணிக்கு முன்னால் போனால் வேலை முழு வேகத்தில் நடக்கும். அனுமதிச் சீட்டு எதுவும் கிடையாது, ஆனால் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். ரதீஷின் குடும்பத்துக்கு அவன் தாத்தா காலத்திலிருந்து இதுதான் வேலை. அவனும் சித்தப்பா மகள் அஞ்சுவும் ஹோம்ஸ்டேகளின் துணியை எடுக்கிறார்கள். வீடியோ எப்படி நடந்தது என்று கேட்டேன். அவன் சொன்னதில் பாதி சிரிப்பாக இருந்தது.

ஷூட்டிங்குக்கு முதல் நாள் ஒரு பை வந்ததாம். உள்ளே ஐந்து சட்டை. டீத்தண்ணீரில் முக்கி, கரி பூசி, மெனக்கெட்டு அழுக்காக்கிய சட்டைகள். இவர்களுக்கு அது எப்படித் தெரியும்? "அய்யே, இதைப் போட்டுட்டா கேமரா முன்னாடி நிக்கறதுன்னு நெனச்சோம்க்கா. யாரோ வேலைக்காரங்க கவனிக்காமக் குடுத்து விட்டுட்டாங்கன்னு எல்லாத்தையும் துவைச்சு, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, தேச்சு, கவர்ல போட்டுக் கொண்டு போனோம். சந்தோஷப்படுவாங்கன்னு." டிரெஸ் பார்க்கும் பெண் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். டைரக்டர் வந்து பார்த்து, "என்னடா, பேங்க் இன்டர்வியூவுக்கு வந்த மாதிரி நிக்கறீங்க" என்று கத்தினாராம். அப்புறம் ஓடைச் சேற்றை அள்ளி அந்த ஐந்து சட்டையிலும் பூசினார்களாம். அரிவாள் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒருத்தனுக்கும் பிடிக்கத் தெரியவில்லை. இவன் இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கிற மாதிரி பிடித்தானாம், லைட் பிடிக்கிறவர் வந்து சொல்லிக் கொடுத்தாராம்.

"கடைசில கீழ போடுவீங்கன்னு சொன்னாங்க. அதான் சரின்னோம். நம்மளைப் பத்தி நல்லது சொல்ற பாட்டுதானேன்னு."

"அந்தக் கடைசியை எவன் பாத்தான்?" என்றாள் அஞ்சு. ஈரத் துணியை உதறிக் கொடியில் மாட்டிக்கொண்டே பேசினாள். "எல்லார் போன்லயும் ஓடுறது அரை நிமிஷத் துண்டு. அதுல அரிவாள் மட்டும்தான் இருக்கு. கீழ போடறது இல்ல."

யோசித்துப் பார்த்தேன். எங்கள் பையன்கள் மேடையில் ஆடியபோதும் அரிவாளைக் கீழே போடவில்லை. ஸ்டாஃப் ரூமில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாதாடியது அந்தப் பத்து நொடிக்காகத்தான்.

வீடியோவுக்குப் பிறகு மூன்று வீடுகள் இவனைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தின. உள்ளே போனால் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து ஒவ்வொரு விரிப்பாக விரித்துப் பார்த்து, மஞ்சள் கறை எது, கிழிசல் எது என்று பேசி எடுக்கலாம். வெளியே நின்று மூட்டையாக வாங்கினால் எல்லாக் கிழிசலும் இவன் தலையில். இரண்டு வீடுகள் சண்டையாகி மெஷின் லாண்டரிக்குப் போய்விட்டன. மிச்சம் பாபு சேட்டன் வீடு. அதுதான் பெரியது. "அதுவும் போச்சுன்னா களமசேரில ஏதாச்சும் கம்பெனிக்குப் போகச் சொல்றாங்க அம்மா. எனக்கு இந்த வேலைதான்க்கா பிடிக்கும். பாபு சேட்டன் கேட்டைத் திறந்தாப் போதும்" என்றான்.

அதற்காக இவர்களே ஒரு வீடியோ எடுத்திருக்கிறார்கள். பாட்டை எழுதியவள் அஞ்சு, தமிழ்ப் பாட்டு, மலையாள எழுத்தில். தமிழ் எழுத அவளுக்கு அவ்வளவாக வராது. துணி அடிக்கிற சத்தம்தான் தாளம். அதே ஐந்து பேர், தேய்த்த சட்டையில். உள்ளதைச் சொல்கிறேன், ரதீஷுக்குக் குரல் அங்கங்கே பிசிறடிக்கிறது. ஆனால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வெள்ளை விரிப்பை உதறும் இடம் ஒன்று இருக்கிறது, அந்தப் பெரிய வீடியோ முழுவதிலும் அப்படி ஒரு காட்சி இல்லை. கீழே பார்த்தேன், நாலைந்து கமெண்ட். முதலாவது: "கத்தி எங்க ப்ரோ?"

"எங்களைக் கெட்டவங்களாக் காட்டினா ரசிச்சுப் பாக்கறாங்க" என்றாள் அஞ்சு. "பாவப்பட்டவங்களாக் காட்டினா அழுதுட்டுப் பாக்கறாங்க. சும்மா வேலை பாக்கறவங்களாக் காட்டினா, ஆரும் பாக்கறதில்ல."

எனக்கு வீம்பு வந்துவிட்டது. நேராக வீட்டுக்கு வந்து, "நான் கெஸ்ட்டுதானே, நான் ஒருத்தரைச் சாயாவுக்குக் கூப்பிடலாம்ல?" என்று பாபு சேட்டனிடம் கேட்டேன். யாரை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "வரட்டே. பாக்கலாம்" என்றார். போன் போட்டு ரதீஷிடம் சொன்னபோது அவன் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான்.

பதினொரு மணிக்கு வந்தான். கேட் திறந்தது. வேறு சட்டை, அதே மொடமொடப்பு. முற்றத்தில் ஒரு நாற்காலியில், தன் படத்துக்குக் கீழேயே, நுனியில் உட்கார்ந்தான். பாபு சேட்டன் சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்து வைத்து, அஞ்சுவின் வீடியோவையும் பார்த்தார். முழுசாகப் பார்த்தார் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் "கொள்ளாம்டா, நல்லாருக்கு" என்றார். ரதீஷின் காது சிவந்தது. சரி, நடந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போது அந்தச் சென்னை ஜோடி மாடியிலிருந்து இறங்கி வந்தது. அந்தப் பெண்ணின் கைப்பை ரதீஷுக்குப் பக்கத்து நாற்காலியில் கிடந்தது. அவள் அவனைப் பார்த்தாள், மேலே படத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்த முகத்தோடு, ஒன்றும் நடக்காதது போல, அந்தப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஜிப்பை இழுத்து மூடினாள். அதற்குப் பிறகுதான், "நீங்கதானே அது? எங்களோட ஒரு செல்ஃபி? அந்த லுக் கொஞ்சம் குடுங்களேன்" என்றாள்.

ரதீஷ் பையைப் பார்த்துவிட்டான். பாபு சேட்டனும் பார்த்துவிட்டார். ரதீஷ் எழுந்து நின்று, அவள் கேட்ட அந்த முறைப்பைக் கொடுத்தான். அச்சு அசலாக வந்தது. மூன்று படம் எடுத்துக்கொண்டார்கள். "விரிப்பு காயுது, வரேன்க்கா" என்று பாதிச் சாயாவோடு கிளம்பினான். கேட்டைத் தானே சாத்திவிட்டுப் போனான்.

"கண்டோ மேடம்?" என்றார் பாபு சேட்டன், ரொம்ப மெதுவாக. "நான் சொன்னப்ப நம்பல."

அந்தப் பெண் மேல் கோபப்படுவதா? கெட்ட பெண் இல்லை, கேட்டால் நான் அப்படி நினைக்கவேயில்லை என்பாள். ஆனால் அவள் கை நினைத்தது. இளைஞர்களைப் பற்றிய நம் எண்ணத்தை உடைக்கிறேன் என்று வந்த வீடியோ, மூன்றரை நிமிஷம் அந்த எண்ணத்தை ஊட்டி வளர்த்துவிட்டுப் பத்து நொடியில் மன்னிப்புக் கேட்கிறது. பாடகர் கைதட்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சேறு மட்டும் இவன் சட்டையில் இருக்கிறது, துவைத்தும் போகவில்லை.

மறுநாள் கிளம்புமுன் என் விரிப்பை நானே உருவி எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். ரதீஷ் வெளியேதான் நின்றான். விரிப்பை அங்கேயே விரித்துப் பார்த்து, "கறை இல்ல, கிழிசல் இல்ல" என்று என்னைச் சாட்சி வைத்துக்கொண்டு மடித்தான். ஒரு படம் எடுக்கலாமா என்றேன். மதில் முன்னால் வேண்டாம் என்றான். சாலையோரத்தில் சேர்ந்து நின்று எடுத்துக்கொண்டோம். கல்லூரியில் அதைக் காட்டினேன். மேடையில் ரதீஷின் இடத்தில் ஆடிய பையன்தான் கேட்டான்: "மதில் எங்க மேடம்? பக்கத்துல நிக்கறது யாரு, ஹோட்டல் மேனேஜரா?"

போகிறவர்களுக்கு: இரண்டு நாள் போதும். ஒருவருக்கு ரயில், படகு, ஆட்டோ, சாப்பாடு, அறை எல்லாம் சேர்த்து ஐந்தாயிரத்துக்குள் முடிக்கலாம். மதிலுக்குப் பத்து நிமிஷம் போதும், துறைக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள். அறை போடும்போது ஏசி உண்டா, வைஃபை உண்டா என்று கேட்பீர்கள். துணி துவைக்கிறவர் வீட்டுக்குள் வரலாமா என்றும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் உறைக்கும். நான் தங்கிய வீட்டின் பெயரை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். சொன்னால் கோபத்தில் நீங்கள் அங்கே தங்க மாட்டீர்கள், கேட்டுக்கு வெளியே நிற்பவனுக்கு அந்த மூட்டையும் இல்லாமல் போய்விடும்.