பாபநாசம் பஸ்ஸில் ஒரு தலை தீபாவளி

போன வாரம் தீபாவளி. காலை ஆறு மணிக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? தோளில் கண்டக்டர் பை, வாயில் விசில்!

கண்டக்டருக்குக் காய்ச்சல். அதற்காக வண்டி நிற்குமா? ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், பஸ் கழுவ வந்தவன், இன்று நாலு பஸ்ஸுக்கு ஓனர் — சும்மாவா வந்தது? திருநெல்வேலி–பாபநாசம் ரூட்டில் என் வண்டி எந்த நல்ல நாளிலும் நின்றதில்லை.

டிரைவர் முருகன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். ஆவணியில்தான் கல்யாணம். தலை தீபாவளி. மாமனார் வீடு, வழியில் முக்கூடலில். லீவு கேட்டான், நான் கொடுக்கவில்லை.

“ஏலே, என் தலை தீபாவளிக்கே ஸ்டியரிங் பிடிச்சவன் நான்!” என்று வேறு பீற்றியிருந்தேன்.

முக்கூடலில் நடுரோட்டில் கை நீட்டி நின்றார் மாமனார். பின்னால் எண்ணெய்க் கிண்ணத்தோடு மாமியார். பட்டுச் சேலையில் புதுப்பெண்.

“மாப்ளே, எறங்குங்க. அரை மணி நேரம். எண்ணெ தேச்சுக் குளிச்சிட்டு ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போயிரலாம்.”

முருகன் என்னைப் பார்த்தான். எனக்கும் மனசு இளகிவிட்டது. “போலே, வண்டிய நான் ஓட்டுதேன்” என்றேன்.

“கண்ணாடி போட்டும் ஒங்களுக்கு டிக்கெட்ல நம்பர் தெரியல. நீங்க ஓட்டுதீங்களா... வேண்டாம் அண்ணாச்சி!” என்றான் முருகன்.

பஸ்ஸே சிரித்தது. ‘நாங்க காத்திருக்கோம்’ என்று ஆளாளுக்குக் குரல் கொடுத்தார்கள். ஒருத்தி மட்டும் வாட்சைப் பார்த்தாள். அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரி நர்ஸ்.

“நைட் டியூட்டி பாத்தவ கைக்குழந்தக்காரி. நான் போனாத்தான் அவ வீட்டுக்குப் போவா...” என்றாள், தப்பு செய்தவள் மாதிரி.

முருகன் ஸ்டியரிங்கை விடவில்லை. “எறங்க முடியாது மாமா.”

“அப்பம் எம்பிள்ள தலை தீபாவளிக்குத் தனியா உக்காரணுமா?” மாமனார் ரோட்டை விட்டு நகராமலே கேட்டார்.

அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? அம்மா கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினாள். படியில் கால் வைத்தாள்.

“நான் ஏறுதேம்பா. பாபநாசத்துல வண்டி முக்கா மணி நேரம் நிக்கும்லா? இவுக ஆத்துல குளிச்சிக்கிடுவாவ. அம்மா, இட்லிச் சட்டியையும் புது வேட்டியையும் எடுத்துட்டு நீயும் வா!”

நர்ஸை நேரத்துக்கு இறக்கிவிட்டோம். பாபநாசம் படித்துறையில் மாமியார் மருமகன் தலையில் எண்ணெய் வைத்தார். இன்ஜின் மூடி மேல் இலை விரித்துச் சாப்பாடு. எனக்கும் நாலு இட்லி. திரும்பும்போது முருகன் காக்கிச் சட்டையும் புது வேட்டியுமாக வண்டி ஓட்டினான். பக்கத்து சீட்டில் அவள்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். ஏதோ நானே நடத்தி வைத்த மாதிரி!

அவள் மெதுவாகச் சொன்னாள்:

“நம்ம தலை தீபாவளிக்கு நானும் எங்க ஊரு ஸ்டாப்புல நின்னேன். எண்ணெக் கிண்ணத்தோடதான். கூட்டம்னு நீங்க நிப்பாட்டாமப் போயிட்டிய.”

இத்தனை வருஷம் எனக்கு இது தெரியாது...

பொங்கலுக்கு முதல் டிரிப்பில், முன் சீட்டில் துண்டு போட்டு வீட்டுக்காரிக்கு இடம் பிடிக்கப் போகிறேன். ஓனராக இருந்தால் என்ன? அவளுக்கு ஒரு சீட் பிடிக்க எனக்கு இப்போதுதானே தெரிந்திருக்கிறது!