மாப்பிள்ளைக்குத் தைத்த சட்டை

என் அண்ணி தையல்காரி. கூச்சப்படுகிற பெண்களுக்கு உடம்பு வெளியே தெரியாதபடி தைத்துக் கொடுப்பதில் அவளுக்குப் பெயர் உண்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைப்பேன்.

எங்கள் கிழட்டுப் பூனையை மாப்பிள்ளை என்று கூப்பிடுவோம். அந்த வருடம் அவன் பேய்த்தீனி தின்றான். தட்டை வழித்து நக்கிவிட்டு மறுபடியும் கத்துவான். ஆனாலும் முதுகெலும்பு துருத்திக்கொண்டு வந்தது.

இஸ்திரி போடுகிறவள் எங்கள் தையல் கடை வாசலில் நின்று சத்தமாகக் கேட்டாள்: "என்னக்கா, மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டுல சோறு போடறதில்லையா?"

துணி கொடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்து வைத்தாள். பிறகு வெகுநேரம் மிஷினை விட்டு நிமிரவில்லை.

"டாக்டரம்மாகிட்ட காட்டலாமே அண்ணி."

"அந்தம்மாவும் சோறு போடலையான்னுதான் கேப்பாங்க. சும்மா இரு."

அவனுக்குப் பஞ்சு வைத்து ஒரு சட்டை தைத்தாள். போட்டதும் கொழுகொழுவென்று தெரிந்தான். தெருவின் வாய் அடங்கியது. சட்டைக்குள் அவன் இளைத்துக்கொண்டே போனான். ஒருநாள் நாய் மாதிரி வாயைப் பிளந்து மூச்சு வாங்கினான். தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா சட்டையைக் கழற்றினார். "குளிருக்கா போட்டீங்க?"

"குளிருக்கு இல்லம்மா. எலும்பு தெரியுதுன்னு..."

அவர் பஞ்சை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுச் சட்டையை ஓரமாக வைத்தார். அதுதான் அண்ணியைக் கொன்றது. பூனையின் தொண்டையைத் தடவி, கையில் தட்டுப்பட்ட சின்னக் கட்டியை எனக்கும் காட்டினார். அவன் நெஞ்சு படபடவென்று அடித்தது. ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் சொன்னார்:

"தைராய்டு அதிகமா சுரக்குது. வயசான பூனைகளுக்கு வர்றதுதான். எவ்வளவு தின்னாலும் உடம்புல ஒட்டாது, சூடும் தாங்காது. காலையும் சாயங்காலமும் மாத்திரை. நீங்களா நிறுத்திடாதீங்க. சில வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கணும், கிட்னியும் பாக்கணும்."

மாத்திரை கொடுத்ததெல்லாம் அண்ணிதான். கடிபட்டதும் அவள்தான். ஆனால் மறுபடி போனபோது வெளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ கொண்டு போ. எனக்கு அந்தம்மா மூஞ்சியில முழிக்க முடியல."

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் உள்ளே போனேன். மாப்பிள்ளைக்கு எடை கூடியிருந்தது. "வாந்தி எடுக்கறானா? தண்ணி நிறையக் குடிக்கறானா?" என்று டாக்டரம்மா அடுக்கினார். நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"மாத்திரை கொடுக்கறவங்களைக் கூப்பிடுங்க. ரத்தமும் எடுக்கறேன், ஆனா அவங்களும் சொன்னாத்தான் அளவு மாத்த முடியும்."

அண்ணி வந்தாள். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள், மேசைக் காலைப் பார்த்தபடியே.