ஒரு ‘ன்னு’ விட்டுப்போன கதை

1. கருத்து கேட்கிற வேலை

சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு மாடியில் எங்கள் லோக்கல் கேபிள் சேனல் இருந்தது. பதினாறு வருடம் அங்கே வேலை பார்த்தேன். ஊர்க்காரர்களிடம் கருத்து கேட்பதுதான் என் வேலை. தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு அரை மணி நேர நிகழ்ச்சி. புதுப்படம், தேர்தல், கிரிக்கெட், கொசு, சாக்கடை என்று எது அன்றைக்கு ஊர்வாயில் இருக்கிறதோ அதைப் பற்றி மைக்கை நீட்ட வேண்டும். ஒருவர் பேசுகிற துண்டுக்கு எங்கள் தொழிலில் பைட் என்று பேர். பைட்டை வாங்கி வந்து, வெட்டி, ஒட்டி, நேரத்துக்கு ஓடவிடுகிற வரைக்கும் என் பொறுப்பு.

முதல் நாள் என்னை ஒரு தியேட்டர் வாசலில் நிறுத்தினார்கள். காலைக்காட்சி விட்டதும் கூட்டம் திமுதிமுவென்று வந்தது. படம் எப்படி இருக்கு என்று கேட்டேன். “ஃபர்ஸ்ட் ஆஃப் சூப்பர், செகண்ட் ஆஃப் கொஞ்சம் லேக்” என்றார் ஒருத்தர். அடுத்தவரும் அதையே சொன்னார். பன்னிரண்டு பேரிடம் கேட்டேன், பன்னிரண்டு பேரும் அதையே சொன்னார்கள். ஒரே ஆளை எடுத்துச் சட்டையை மாற்றி மாற்றி விட்டிருந்தால் எனக்கு அலைச்சல் மிச்சமாகியிருக்கும். கடைசியாக வந்த வயசானவர் ஒருத்தர்தான் வேறு மாதிரி பேசினார். “ஏசி நல்லா இருந்துச்சிம்மா. வூட்டுல மூணு பேத்திங்க, பகல்ல கண்ண மூட முடியாது. நல்லா தூங்குனேன்” என்றார். அன்றைக்குப் பதிமூன்று பைட்டில் அது ஒன்றுதான் கருத்து என்று எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

போகப் போக ஆளைப் பார்த்தே எடைபோடப் பழகினேன். கடலூர் ஓ.டி. என்கிற ஓல்டு டவுனில் மீன் விற்கிற அம்மாவிடம் மைக்கை நீட்டினால், “கருத்து அப்பறம் சொல்றேன், மொதல்ல நகுந்து நில்லு, மீனு மறையுது” என்பார். சேத்தியாத்தோப்புச் சந்தையில் ஒருத்தரிடம் பஸ் வசதி எப்படி என்று கேட்டேன். அவர் அமெரிக்காவில் ஆரம்பித்து டெல்லி வழியாக வந்து சேருவதற்குள் அவர் ஏற வேண்டிய பஸ்ஸே போய்விட்டது. அதற்கும் என்னைத்தான் திட்டினார். எனக்கும் வாய் நீளம், திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஜாலியான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். மற்றவர்களுடைய வாய்ப்பேச்சு நம் கையில் கத்தரிக்கோலோடு இருக்கிறது. அது எவ்வளவு ஆபத்தான சமாச்சாரம் என்பது பவுனக்கா படியேறி வரும்வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

2. பவுனக்கா

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாதம், நல்ல மழை. ஊர் ஓரத்தில் வாய்க்காலை ஒட்டிய ஒரு தெருவில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. தெருவின் பேர் இங்கே வேண்டாம். அந்த ஜனங்கள் எல்லாரும் சேர்ந்து அடுத்த திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுப்பதாக முடிவு செய்திருந்தார்கள். அதற்கு முன்னால் அவர்களிடம் பைட் எடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். எனக்கு அன்றைக்கு ஜுரம், அதனால் கேமராமேன் மட்டும் போய் ஆறு பேரிடம் எடுத்துக்கொண்டு வந்தார்.

மெமரி கார்டு என் கைக்கு வந்தபோது மணி ஆறு. அரை மணியில் ஓட வேண்டும். ஐந்து பேர் ஒரே குரலில் தெருவின் கஷ்டத்தைச் சொல்லியிருந்தார்கள். ஆறாவது ஆள் பவுனம்மாள். தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயா வேலை, ஐம்பது வயதிருக்கும். “எங்க தெருவுல ஒரு கொறையும் இல்ல” என்று ஆரம்பித்தார். அந்த இடத்தில் காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ் ஒன்று பின்னால் வந்து ஹாரனை அழுத்தியது. அதற்கப்புறமும் ஒரு நிமிடத்துக்கு மேல் அவர் பேசியிருந்தார்.

நான் அதைக் கேட்கவில்லை. ஹாரனுக்கு முன்னாலேயே சுத்தமாக வெட்டினேன். ஜுரத்தைச் சாக்கு சொல்லலாம், நேரத்தைச் சாக்கு சொல்லலாம். நிஜம் என்னவென்றால் அந்த வரி எனக்குப் பிடித்துவிட்டது. ஐந்து பேர் குறை சொல்ல ஒருத்தர் குறையே இல்லை என்றால் நிகழ்ச்சிக்கு ஒரு சுவாரசியம் வருமே என்று, தெரிந்தேதான் அதைக் கடைசியில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு அது ஓடியது.

புதன்கிழமை காலை ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு அம்மா நின்றார். செருப்போடவே வாங்க என்றேன், வரவில்லை. திரையில் பார்த்த முகம் என்று உடனே தெரிந்துவிட்டது.

“நான் பேசுனதுல பாதிதாம்மா வந்துச்சி” என்றார்.

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. நீங்கள் சொன்னதைத்தானே போட்டோம், நாங்களாகவா எழுதிப் போட்டோம் என்று குரலை உயர்த்தினேன்.

அவர் குரல் உயரவில்லை. “சொன்னதத்தான் போட்டீங்க. ‘ன்னு’ போடலியேம்மா” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே அந்த வாக்கியத்தை முழுசாகச் சொன்னார். “எங்க தெருவுல ஒரு கொறையும் இல்லன்னு சொல்லச் சொல்லி காலையிலயே வூடு வூடா கவுன்சிலர் ஆளுங்க வந்துட்டுப் போறாங்க, நான் எப்பிடி அப்பிடிச் சொல்லுவேன், எங்க அடுப்பு மேடு வரைக்கும் சாக்கட தண்ணி நிக்கிது. இதாம்மா நான் பேசுனது.”

எவ்வளவு பெரிய பொய்யையும் நம் தமிழில் ‘ன்னு’ போட்டு அடுத்தவர் வாயில் வைத்துவிடலாம். அதை எடுத்துவிட்டால் அந்தப் பொய், அதை எடுத்துச் சொன்னவர் தலையிலேயே விழும். அதைத்தான் நான் செய்திருந்தேன்.

கேமரா இருக்கிற அறைக்கு ஓடினேன். கேமராமேன் காலையில் ஒரு கல்யாணம் எடுக்கப் போயிருந்தார். போகும்போது கார்டை ஃபார்மெட் அடித்துவிட்டார், வழக்கமாகச் செய்வதுதான். என் கம்ப்யூட்டரில் நான் வெட்டிவைத்த துண்டு மட்டும் இருந்தது. பவுனக்கா பேசிய மிச்சம் உலகத்தில் எங்கேயும் இல்லை.

திரும்பி வந்து சொன்னேன். அப்புறம்தான் அவர் வந்த விஷயத்தைச் சொன்னார். அந்தத் துண்டை யாரோ தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டிருந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு பேசிவிட்டாள் என்று தெருவே பேசுகிறது. திங்கட்கிழமை மனு கொடுக்கப் போனால் இந்த வீடியோவையே காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் கோபம். எதிர்வீட்டு தனலட்சுமி முகம் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வளைகாப்பு. தலைப்பிள்ளை. தெருப் பெண்கள் ஒருத்தரும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

“மனு கெடக்கட்டும்மா. எம்பொண்ணு கையில வளையல் போட ஆளு வேணுமில்ல” என்றார். அவர் அழவில்லை. நான்தான் அழுதேன்.

3. தண்ணி லாரி வந்த நேரம்

எங்கள் முதலாளி என்னைவிடச் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். தவறை ஒத்துக்கொண்டு இன்றைக்கே ஒரு அறிவிப்பு போடலாம் என்று கேட்டேன். ஒருத்தருக்குப் போட்டால் நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள், விடுங்கள் என்றார். அவருக்கு அவர் கவலை. எனக்கு வியாழக்கிழமை முழுக்கச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே அந்தத் தெருவுக்குப் போனேன். குழாய்த் தண்ணீர் கெட்டுப்போனதால் தண்ணி லாரி வந்து நின்றது. பெண்கள் எல்லாரும் குடத்தோடு வரிசையில். பவுனக்காவின் குடம் மட்டும் தள்ளி இருந்தது. நான் யாரென்று சொன்னதும் வரிசை அப்படியே என் பக்கம் திரும்பியது.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். வெட்டியது நான், அவர் மேல் தப்பில்லை என்றேன். யாரும் நம்பவில்லை. தனலட்சுமிதான் முன்னால் வந்தார். அவருடைய சின்னப் பையன் அந்தத் தண்ணீரால் ஜுரம் வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவன், அதனால் அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. பவுனு வந்து அழுதிருப்பாள், நீங்கள் பாவம் பார்த்து வந்திருப்பீர்கள், அவள் முழுசாகப் பேசியது இருந்தால் காட்டுங்கள் என்றார். இல்லை, அழிந்துவிட்டது என்று சொல்லும்போது எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

என்னிடம் இருந்தது அந்த வெட்டின துண்டு மட்டும்தான். வேறு வழி தெரியாமல் போனில் அதையே போட்டுக் காட்டினேன். தனலட்சுமி போனைக் கையில் வாங்கிக்கொண்டார். ஒரு தடவை பார்த்தார். திரும்பவும் போடச் சொன்னார். மூன்றாம் தடவை முடிந்ததும் கடைசிக் காட்சியை அப்படியே நிறுத்தி, பெரிசாக்கிப் பார்த்தார்.

“இவ இன்னும் பேசி முடிக்கல” என்றார்.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். திரையில் பவுனக்காவின் முந்தானை தோளிலிருந்து கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

“பவுனு பேசி முடிச்சா முந்தானைய எடுத்து இடுப்புல சொருவுவா. இதுல சொருவல, பாரு” என்றார் தனலட்சுமி.

வரிசையில் ஒரு சலசலப்பு. ஆமாம், மளிகைக் கடையில் சண்டை போட்டாலும் சொருகிவிட்டுத்தான் நகருவாள் என்றார் ஒருத்தர். இன்னொருத்தர் அதே மாதிரி இடுப்பில் சொருகிக் காட்டினார். ரெண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். பதினைந்து வருடமாகச் சண்டையும் சமாதானமுமாகப் பக்கத்தில் இருந்தவர்கள். அவர்களுக்கு அவரைத் தெரிந்திருந்தது. நான் அந்தத் துண்டை வெட்டும்போதும் ஒட்டும்போதும் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். அந்த முந்தானை என் கண்ணில் படவே இல்லை.

தனலட்சுமி போனை என்னிடம் கொடுத்துவிட்டு, தள்ளியிருந்த குடத்தைத் தூக்கி வரிசையில் தன் குடத்துக்கு முன்னால் வைத்தார். பவுனக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தனலட்சுமி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்தப் பக்கம் பார்த்து, “ஞாயித்துக்கெழமைக்குப் புளிசாதம் நான் செஞ்சுடுறேன், நீ எலுமிச்சய மட்டும் பாத்துக்க” என்றார். பவுனக்கா தலையாட்டினார்.

4. சனிக்கிழமையும் அதற்கப்புறமும்

சனிக்கிழமை நிகழ்ச்சியின் கடைசி ஒரு நிமிடத்தை முதலாளியிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். கேமரா முன்னால் நானே உட்கார்ந்து, பவுனம்மாள் சொன்ன வாக்கியத்தை ‘ன்னு’வோடு முழுசாகச் சொன்னேன். வெட்டியது என் தவறு என்றும் சொன்னேன். முடிந்த ஐந்தாவது நிமிடம் முதலாளி போன் செய்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். “சரிக்கா, சொன்னது சொல்லிட்டீங்க. கொஞ்சம் தல வாரிக்கிட்டு ஒக்காந்திருக்கலாம்” என்றார்.

திங்கட்கிழமை அந்தத் தெரு ஜனங்கள் ஒன்றாகக் கடலூர் போனார்கள். வாய்க்கால் பாதி தூர்வாரினார்கள், பாதி இன்னும் பாக்கி. அதற்கு நான் மறுபடி போய் பைட் எடுத்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, எல்லாரும் என் வேலையைத்தான் செய்கிறீர்கள். ஒருவர் பேசியதில் பத்து செகண்டை எடுத்து அனுப்புவதற்கு முன்னால் பதினோராவது செகண்டைக் கேளுங்கள். பேச்சு உங்களுக்கு ரொம்பப் பிடித்த இடத்தில் முடிகிறது என்றால், முடித்தது அவரா நீங்களா என்று ஒரு தடவை யோசியுங்கள். அதற்குப் பிறகு நான் ஒரு பைட்டையும் முழுசாகக் கேட்காமல் வெட்டியதில்லை. இதனால் நிகழ்ச்சி பல நாள் ஐந்து நிமிடம் லேட்டாக ஓடியிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சொல்லிவிடுகிறேன். கூப்பிட்டார்கள், போனேன். தரை இன்னும் ஈரம், சுவரில் தண்ணீர் நின்ற கறை. அந்தச் சின்ன வீட்டுக்குள் தெருவே இருந்தது. தனலட்சுமி செய்த புளிசாதத்தில் உப்பு ஜாஸ்தி, யாரும் சொல்லவில்லை. பவுனக்காவின் மகள் வெட்கத்தோடு ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரைக்கும் வளையல் ஏறியிருந்தது. எனக்கும் ஒரு ஜோடி பச்சை வளையலைக் கையில் கொடுத்து, அந்தப் பெண்ணுக்குப் போட்டுவிடச் சொன்னார்கள்.

கிளம்பும்போது பவுனக்கா வாசல்வரை வந்தார். என்மேல் இன்னும் கோபம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஒரு கோவமும் இல்ல” என்றார்.

நான் நகரவில்லை. அப்புறம் என்ன வரப்போகிறது என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் எதற்காக நிற்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையை எடுத்து இடுப்பில் சொருகினார்.